மஞ்சள் கொடியும் புலி முத்திரையும்

ஆரணிக்குக் கடல் இல்லை. கமண்டல நாகநதி உண்டு; ஆண்டின் பெரும்பகுதி அதிலும் நீரைக் காட்டிலும் மணலே மிகுதி. இத்தகைய ஊரில் அமர்ந்துகொண்டு, அயல்நாட்டிலிருந்து வரும் பாய்மரப் படகுகளுக்கான குடிவரவு, சுங்க விதிகளைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்கள் சிலருக்கு நகைப்பைத் தரக்கூடும். தமிழ் பயிற்றும் ஆசிரியனுக்கும் துறைமுகத்துக்கும் என்ன உறவு? உறவு உண்டு. தமிழாசிரியர்கள் ஆண்டுதோறும் ஒரு சுங்கச் சாவடியைக் கடந்தே ஆகவேண்டும். அது பட்டினப்பாலையில் வரும் காவிரிப்பூம்பட்டினத்துச் சாவடி.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்த 301 அடிகளில், துறைமுகத்துச் சுங்க அலுவலர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். கதிரவனின் தேரை இழுக்கும் குதிரைகள் போல நாள்தோறும் ஓய்வின்றி உழைப்பவர்கள் அவர்கள். நீரிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து நீருக்கும் பண்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எல்லாவற்றிலும் புலிச் சின்னம் பொறித்து வெளியே அனுப்புகிறார்கள். குவிந்து கிடக்கும் மூட்டைகளின்மீது ஆடும் நாயும் துள்ளி விளையாடுகின்றன. சுங்கத்துக்கு அக்காலச் சொல் ‘உல்கு’. வள்ளுவரும் அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக அதனை எண்ணுகிறார். உலகில் எத்தனையோ மொழிகள் துறைமுகத்தைப் பாடியிருக்கலாம். சுங்க அலுவலரின் உழைப்பைப் புகழ்ந்து பாட மனம் கொண்ட ஒரு புலவர் நமக்கு வாய்த்தார் என்று வகுப்பில் சற்றுப் பெருமையோடு சொல்வது நம் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “ஐயா, அந்தப் புலி முத்திரை எதுக்கு? வரி கட்டியாச்சுன்னு காட்டவா, இல்ல பொருளை யாரும் தொடக்கூடாதுன்னு காட்டவா?” இரண்டுக்கும்தான் என்று பொதுவாகச் சொல்லி, அடுத்த அடிக்குச் சென்றுவிட்டோம். ஆசிரியர்கள் பலரும் இப்படித்தான் தப்பித்துக்கொள்கிறோம். அந்தக் கேள்விக்கு உரிய விடையை 2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், நம் வீட்டுத் திண்ணையில் கேட்டறிந்தோம். சொன்னவர் நம் தாயார். சொல்லவைத்தவர்கள் பிரெஞ்சு நாட்டிலிருந்து பாய்மரப் படகில் வந்த ஒரு முதிய தம்பதியர்.

அவர்களை அழைத்து வந்தது, புதுச்சேரியில் பயண அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் நம் பழைய மாணவர். கணவர் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். மனைவி இளமையில் நெசவு பயின்றவர். பத்து மீட்டர் நீளமுள்ள படகில் இருவர் மட்டுமாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து, மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் படகை நிறுத்திவிட்டு, பட்டுத்தறி பார்க்க ஆரணிக்கு வந்திருந்தனர். நம் தமையனார் இன்றும் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர். ஆகவே மாணவர் நேராக நம் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார்.

அந்த அம்மையார் தறியைப் பார்த்த விதத்தில் தொழில் தெரிந்தவரின் பணிவு இருந்தது. பாவு இழைகளைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொண்டார். நூல் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்க, கர்நாடகத்து நூலையும் சீனப் பட்டையும் பற்றித் தமையனார் விளக்கினார். “கடல் இங்கே இல்லைன்னாலும் கப்பல் வரி எங்க தலையிலதான் விடியும்” என்று அவர் சொன்னதை நாம் மொழிபெயர்த்தோம். அது வெறும் பேச்சு அன்று. கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வை 2011ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. 2013இல் மீண்டும் 15 விழுக்காடாக உயர்ந்தது. தீர்வை குறைந்தால் பட்டு வளர்க்கும் உழவர் கலங்குவார். கூடினால் நெசவாளர் கலங்குவார். தில்லியில் ஒரு தாளில் ஓர் எண் மாற, ஆரணித் தெருவில் ஒரு சேலையின் கூலி மாறுகிறது. சுங்கம் என்னும் சொல் கடலில்லாத ஊருக்குத் தறிவழியாக வந்து சேர்கிறது.

மாலையில் திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்தியபோது பேச்சு அவர்களின் படகைப் பற்றித் திரும்பியது. ‘யாட்’ என்று உலகம் வழங்கும் சொல், துரத்துதல், வேட்டை எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. விரைந்து செல்லும் சிறு கலங்களுக்கு முதலில் வழங்கிய பெயர். நம் கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆகி, இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுகளுக்கு இன்று உலகெங்கும் பெயராக நிற்பதை நாம் சொன்னபோது கணவர் மகிழ்ந்துபோனார். “அப்படியானால் உங்கள் சொல் விசா இல்லாமலே எல்லாத் துறைமுகங்களிலும் நுழைந்துவிட்டது” என்றார்.

பிறகு அவர்கள் இந்தியாவுக்குள் நுழைந்த கதையைச் சொன்னார்கள். அயல்நாட்டுப் படகு ஒன்று ஒரு நாட்டின் கடற்பரப்பை நெருங்கியதும் மஞ்சள் கொடி ஒன்றை ஏற்றவேண்டும். ‘என் கலம் நோயின்றி இருக்கிறது, கரையோடு கலக்க அனுமதி வேண்டுகிறேன்’ என்பது அதன் பொருள். கொள்ளைநோய்க் காலத்து வழக்கம் இன்று குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் சேர்த்து விடுக்கும் வேண்டுகோளாகிவிட்டது. அலுவலர்கள் வந்து பார்த்து முடிக்கும்வரை படகில் உள்ளவர்கள் கரையில் கால் வைக்கக்கூடாது. அனுமதி கிட்டியபின் மஞ்சள் கொடியை இறக்கி, விருந்தளிக்கும் நாட்டின் கொடியை மரியாதைக்காகப் பாய்மரத்தின் வலப்புறம் ஏற்றுவார்கள்.

இவர்கள் மஞ்சள் கொடியோடு மூன்று நாள் காத்திருந்தனராம். யாரும் கடிந்து பேசவில்லை. படிவங்கள்தாம் சிக்கல். அவை சரக்குக் கப்பல்களுக்காக வகுக்கப்பட்டவை. ‘சரக்கு எத்தனை டன்?’ இல்லை. ‘கப்பல் முகவர் யார்?’ இல்லை. ‘மாலுமிகள் எத்தனை பேர்?’ இந்த இடத்தில் அம்மையார் சிரித்தார். கணவர் ‘கப்பல் தலைவர்’ என்று பதியப்பட்டார். நாற்பதாண்டுக் குடும்ப வாழ்க்கைக்குப் பின் மனைவி ‘மாலுமி’ ஆனார். உண்மையில் கடல் கொந்தளித்தால் சுக்கான் பிடிப்பவர் அவர்தானாம். படகிலிருந்த எல்லாப் பொருள்களுக்கும் பட்டியல் எழுதவேண்டியிருந்தது: வானொலி, தொலைநோக்கி, மிதவை அங்கி, அரிசி, பால்மாவு, ஒயின் குப்பிகள். கடைசியில் சுங்க அலுவலர் ஒருவர் குப்பிகளை ஒரு சிறு அலமாரியில் அடுக்கச் செய்து, கதவின் குறுக்கே முத்திரை இட்டு, பட்டியலின் படியொன்றில் கையொப்பமிட்டுக் கொடுத்துச் சென்றார். நாட்டை விட்டுப் புறப்படும்வரை அந்த முத்திரை உடையக்கூடாது.

இதில் வேடிக்கை இருப்பினும் காரணமும் இருக்கிறது. விருந்தினர் சென்றபின் சட்டநூலைப் புரட்டிப் பார்த்தோம். 1878ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டத்துக்குப் பின் வந்தது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். அச்சட்டத்தில் ‘சரக்கு’ என்பதன் வரையறைக்குள் கலங்களும் அடங்கும். அதாவது, அந்த முதியவர்கள் வாழும் வீடு அது. அவர்கள் ஏறிவந்த ஊர்தியும் அது. சட்டத்தின் கண்ணில் அதுவே ஒரு பண்டமும் ஆகலாம். வந்து போகும்வரை ஊர்தி. தங்கிவிட்டாலோ விற்றுவிட்டாலோ தீர்வைக்குரிய இறக்குமதி. ஆகவேதான் எப்போது வந்தீர், எப்போது போவீர் என்று அலுவலர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அயல்நாடு செல்லும் கலத்தில் உண்பதற்கும் பருகுவதற்கும் வைத்திருக்கும் பொருளுக்குத் தீர்வை இல்லை. அது கரைக்கு இறங்கினால் உண்டு. குப்பிகளுக்கு முத்திரை வந்த காரணம் அது. எழுத்து வடிவிலான ஆணை இல்லாமல் கலம் துறைமுகத்தை விட்டுப் புறப்படவும் முடியாது. அடுத்த நாட்டுத் துறைமுகம் முதலில் கேட்பதும் முந்தைய துறைமுகம் தந்த அந்தத் தாளைத்தான்.

குடிவரவில் வேறு கண்டிப்புகள். கடற்கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சிப்பரப்பு. 24 கடல் மைல் வரை சுங்கம், குடிவரவு விதிகளைக் காக்கும் உரிமை. விசா கையில் இருந்தாலும் விரும்பிய கரையில் இறங்க முடியாது. மின்னணு விசா என்றால் அதற்கென வகுத்த துறைமுகங்களில் மட்டுமே நுழையலாம். நடுக்கடலில் படகோட்டிகள் உயிர்த்துணையாகக் கருதும் இரிடியம், துராயா வகைச் செயற்கைக்கோள் தொலைபேசிகளை முன் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றமாகக் கொள்ளப்படும். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்னும் மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, அத்தகைய தொலைபேசியோடு வந்தார்கள் என்பதை நினைத்தால், சிறு படகைக் கண்டு ஒரு நாடு ஏன் அஞ்சுகிறது என்பது விளங்கும். சட்டமும் அண்மையில் மாறிவிட்டது. 1920ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், 1939ஆம் ஆண்டின் அயல்நாட்டார் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம், 2000ஆம் ஆண்டில் வந்த ஊர்தியாளர் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கையும் நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

சட்டநூலில் நம்மை நிறுத்திவைத்தது 29ஆம் பிரிவு. சுங்கத் துறைமுகம் அல்லாத இடத்தில் கலம் ஒதுங்கக்கூடாது என்கிறது அது. உடனே, விபத்தாலோ புயலின் நெருக்கடியாலோ ஒதுங்க நேர்ந்தால் என்று தொடர்கிறது. அருகிலுள்ள சுங்க அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ தெரிவிக்கவேண்டும்; அவர்கள் இசைவின்றிப் பொருளை இறக்கவோ ஆட்கள் அகலவோ கூடாது; ஆயினும் உயிரைக் காக்கவும் உடல்நலம் காக்கவும் இறங்குவதை இது தடுக்காது. வறண்ட சட்ட நடையில் எழுதப்பட்ட அந்த விதிவிலக்கில் ஒரு கல்வெட்டின் குரல் கேட்டது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244–45ஆம் ஆண்டளவில் பொறித்துவைத்த அபய சாசனம் அது. புயலில் சிதைந்து வேற்றுத் துறைக்கு அடித்துவரப்பட்ட கலங்களின் பொருள்களை எல்லாம் முன்னிருந்த அரசர்கள் பறித்துக்கொண்டனர். நாம் வரையறுத்த தீர்வை ஒன்றை மட்டும் கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவோம் என்று அதில் மன்னன் அறிவிக்கிறான். முப்பதில் ஒரு பங்கு என்று விகிதமும் சொல்லிவிடுகிறான். 1358இல் ரெட்டி மன்னன் அனவோதன் அதே ஊரில் மீண்டும் கடல் வணிகருக்கு உறுதி கூறிக் கல்வெட்டுப் பொறித்தான்.

அபயம் என்னும் சொல்லுக்கு நாம் கோவில் சிற்பத்தில் கையைத்தான் காட்டுவோம். இங்கே அபயம் என்பது எண்ணாகவும் விதியாகவும் கல்லில் நிற்கிறது. இவ்வளவு கொள்வோம், இதற்குமேல் கொள்ளமாட்டோம் என்பதை முன்கூட்டியே எல்லார் கண்ணிலும் படும்படி எழுதிவைப்பதும் அபயந்தான்.

அன்று மாலைப் பேச்சுக்குத் திரும்புவோம். தாயார் வாசற்படியில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது. நாம் இடையிடையே தமிழில் சொல்லிவந்தோம். விருந்தினர் கதை முடிந்ததும் அவர் நம்மைப் பார்த்து, “ஏம்ப்பா, அந்தம்மாவைக் கேளு. பெட்டியைத் தொறந்து காட்டச் சொன்னாங்களா?” என்றார்.

இக்கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை வாசக நண்பர்களுக்குச் சொல்லவேண்டும். தாயார் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் காலத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து போன குடும்பம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்று இரண்டு அரசுகள் மக்களை எண்ணிப் பிரித்துக்கொண்டன. அந்த எண்ணிக்கையில் ஒருவராக 1973இல், பதினாறு வயதில், தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்தவர் நம் தாயார். பின்னர் ஆரணி நெசவாளர் வீட்டில் வாழ்க்கைப்பட்டார்.

அங்கே இருந்த காலத்தில் அவர்களை நோக்கி வீசப்பட்ட சொல் ‘கள்ளத்தோணி’. உரிய தாள் இன்றித் தோணியேறி வந்தவரைக் குறிக்கப் பிறந்த அச்சொல், தோணியையே பார்த்திராத பேரப்பிள்ளைகள் மீதும் ஒட்டிக்கொண்டது. இங்கே வந்தபின் ‘சிலோன்காரி’. இரண்டு கரைகளிலும் வந்தேறி ஆவது என்பது எப்படியிருக்கும் என்று தாயாரிடம் நாம் கேட்டதில்லை. அவரும் கப்பல் பயணத்தைப் பற்றி விரிவாகப் பேசியவர் அல்லர். அன்று பேசினார்.

“எங்ககிட்ட ஒரு தகரப்பெட்டிதான். அதுல எங்க ஆயாவோட கம்மல் ஒரு ஜோடி, துணியில முடிஞ்சு வெச்சிருந்தேன். பட்டியல்ல எழுதலை. எழுதணும்னு யாரும் சொல்லலை. பெட்டியைக் கொட்டிப் பார்த்தாங்க. கம்மலை எடுத்து மேசைமேல வெச்சாங்க. அப்புறம் வரிசையை நகரச் சொன்னாங்க. நகர்ந்துட்டேன்.”

எந்தக் கரையில் என்று தமையனார் கேட்டார். தாயார் சொல்லவில்லை. “ரெண்டு கரையும் ஒண்ணுதான்” என்றார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கம்மலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் நம்மிடம் சொன்னதில்லை. நம் தங்கையின் திருமணத்தில், கடன் சுமந்து கம்மல் வாங்கியே தீரவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததன் காரணம் அந்த நொடியில்தான் விளங்கியது.

நாம் மொழிபெயர்க்கத் தயங்கினோம். மாணவர்தாம் மெல்ல ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அம்மையார் எழுந்துவந்து தாயாரின் அருகில் படியில் அமர்ந்தார். தாயாருக்கு அவர் இரக்கம் தேவைப்படவில்லை. வேறொன்று தெரியவேண்டியிருந்தது.

“அந்த அலமாரிக்கு முத்திரை வெச்சாங்கன்னியே, என்ன உள்ளே இருக்குன்னு எழுதிச் சீட்டு குடுத்தாங்களா?”

கொடுத்தார்கள் என்று அம்மையார் தம் கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். கையொப்பமும் முத்திரையும் இருந்தன. தாயார் தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். ஆயினும் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப சரி” என்று திருப்பிக் கொடுத்தார்.

வகுப்பறையில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடையை எந்த உரையாசிரியரிடமும் நாம் கண்டதில்லை. உரிமையுடையவன் கையில் சீட்டு இருக்கும்போது, அதே முத்திரை அவனுக்கு அரசு கொடுத்த வாக்குறுதி ஆகிறது. சீட்டு இல்லாத முத்திரை வெறும் கைதான்; எடுத்துக்கொள்ளும் கை. நம் தாயார் எதிர்பார்த்தது விதி தளர்ந்துபோவதை அன்று. பெட்டியைத் திறந்து காட்டவும் அவர் ஒப்பியவர்தாம். விதியை முன்னால் சொல்லியிருந்தால் பட்டியலில் எழுதியிருப்பார். எடுத்ததற்குச் சீட்டு கொடுத்திருந்தால் திரும்பக் கேட்டிருப்பார். அவருக்குக் கிட்டாமற் போனது அந்த இரண்டுந்தான்.

படிவங்கள் மிகுதி, காத்திருப்பு மிகுதி என்று உல்லாசப் படகோட்டிகள் முறையிடுவது நியாயமே. சரக்குக் கப்பலுக்கான கேள்வியை இருவர் வாழும் படகிடம் கேட்பது அறிவுடைமை ஆகாது. சிறு படகுக்கென்று தனிப் படிவமும், எல்லாவற்றையும் ஒரே மேசையில் முடிக்கும் ஏற்பாடும் எங்கும் அமைய வேண்டும். ஆயினும் அவர்கள் பெற்றிருக்கும் பேறு ஒன்று உண்டு. அவர்களை ஒரு சட்டம் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அவர்களுக்கென்று ஒரு கொடியும் ஒரு துறையும் ஒரு தாளும் இருக்கின்றன. அதே கடலில், அதே அளவுள்ள படகில் வரும் வேறு சிலருக்கு இவை இல்லை.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பலின் கதை ஈழத்து நண்பர்கள் அறிந்தது. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கி, ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். தமிழ் மாலுமிகள் செலுத்திச்சென்ற அக்கலம் 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. நினைக்கும்தோறும் நெஞ்சு நிமிரும் பயணம். ஆனால் அதே அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டின் சட்டம், இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட பெரும்பரப்பை ஆசியத் தடைமண்டலம் என வகுத்து, அங்கிருந்து எவரும் குடியேற முடியாதவாறு தடுத்திருந்தது. மாலுமியாக வந்து மாலுமியாகத் திரும்பலாம். குடியாக நிற்க முடியாது. வேம்பின் நாட்டுக் கலம் பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்கக் கலம் ஆயிற்று. அதைக் கடல்கள் தாண்டிக் கொண்டுசேர்த்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் எரிபொருளுக்கும் மக்கள் தவித்தபோது, தமிழ்க் குடும்பங்கள் சில சிறு படகுகளில் வந்து தனுஷ்கோடியை அடுத்த மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டன. கைக்குழந்தையோடு இறங்கியவர்களும் இருந்தனர். அவர்களிடம் ஏற்றுவதற்கு மஞ்சள் கொடி இல்லை. நீட்டுவதற்கு விசாவும் இல்லை. பிறகு அவர்கள் மண்டபம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2025 செப்டம்பரில் புதிய சட்டத்தோடு ஒரு விலக்காணையும் வெளிவந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகள், உரிய தாளின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள். பல்லாண்டு முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் அந்த நாளுக்குப் பின் வந்த கைக்குழந்தை எந்த வரிசையில் நிற்கும் என்ற கேள்வி மணல் திட்டின்மீது அப்படியே நிற்கிறது.

நாட்டுக்கு எல்லை வேண்டாம் என்றோ சுங்கம் வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. கோல் நோக்கி வாழும் குடி என்று பாடம் நடத்துகிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். புகாரின் சுங்கத்தாரைப் புலவர் பாடியது அவர்கள் கண்ணை மூடிக்கொண்டதற்காக அன்று. சோர்வின்றி, ஒரே முறையில், வெளிச்சத்தில் தம் கடமையைச் செய்ததற்காக. விருந்தோம்பல் என்றால் கதவைத் திறந்துவைத்து உறங்குவது என்று நினைக்கிறோம். துறைமுகத்தில் அதற்கு வேறு பொருள்: வருகிறவனுக்கு என்ன கேட்கப்படும் என்பது முன்னரே தெரிந்திருப்பது, கேட்டதற்கு மேல் கேட்காமல் இருப்பது, எடுத்ததற்குச் சீட்டு கொடுப்பது, புயலில் வந்தவனுக்கு விதியிலேயே ஒரு வாசல் வைத்திருப்பது. ஒயின் அலமாரிக்குக் கிட்டும் இந்த மரியாதை தகரப்பெட்டிக்கும் கிட்டுகிறதா என்பதே ஒரு நாட்டின் துறைமுகத்தை அளக்கும் கோல் என்று இப்போது தோன்றுகிறது.

மாசி மாதக் கடைசியில் அம்மையாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மாலத்தீவில் இருந்தார்கள். புறப்படும் நாளன்று அலுவலர் படகுக்கு வந்து, பட்டியலை வாங்கிப் பார்த்து, முத்திரையைத் தாமே வெட்டி, குப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணி, எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தாராம். ‘உங்கள் தாயாரிடம் தெரிவியுங்கள், ஒன்றும் குறையவில்லை’ என்று முடித்திருந்தார்.

தெரிவித்தோம். தாயார் அப்போது தமையனாருக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. சிறிது நேரங்கழித்து, “அந்த ஆபீசர் நல்ல மனுசன்” என்றார். பிறகு, “இல்ல, நல்ல மனுசனா இருக்கணும்னுகூட இல்ல. எழுதிக் குடுத்திருந்தான்ல” என்று தாமே திருத்திக்கொண்டார்.

வரும் பருவத்தில் மீண்டும் பட்டினப்பாலை நடத்தவேண்டும். புலி முத்திரை வரும் இடத்தில் இம்முறை அடுத்த அடிக்கு விரைய மாட்டோம்.